பொடியன் எழும்பி விளையாடினான் எண்டு சந்தோசப்படாதேங்கோ

எங்கள் பக்கத்தில் சுற்றுப்போட்டி நடத்துகிற கழகத்து அண்ணாமாருக்கும், பிள்ளை விளையாடத்தானே போயிருக்கிறான் என்று வீட்டில் நிம்மதியாக இருக்கிற அம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். போன வருசம் என் தம்பிக்கு உதைபந்தாட்ட மைதானத்தில் மண்டையில் அடிபட்டது. எலும்பு முறியவில்லை. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை, யாரிடம் போய்க் கேட்பது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும் தான். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அவன் உயர்தரம் படிக்கிறான். எல்லாவற்றையும் தட்டித் தடவித்தான் தெரிந்துகொண்டேன். அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டுப் போன இடங்களில் கிடைத்த பதில்கள் அடியைவிட மோசம்.

போட்டி நடந்தது விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் ஒரு கிராமத்தில். கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அணிக்கு ஒன்பது பேர், நொக்கவுட் முறை, பின்னேரம் தொடங்கி மின்னொளியில் முடிகிற ஆட்டங்கள், முதல் பரிசுக்கு நல்ல காசு. வன்னியில் வெயில் காலத்துச் சனி ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இல்லை. அன்றைக்கு எனக்கு ஓவர்டைம். நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு பொடியன் ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்ட வீடியோவில் தான் பார்த்தேன். பிறகு எத்தனை தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்பது எனக்கும் என் டேட்டாவுக்கும் தான் தெரியும்.

கோர்னரிலிருந்து பந்து உயரமாக வருகிறது. தம்பி பின்வரிசை, ஆள் உயரம், மேலே வருகிற பந்தெல்லாம் அவனுக்குத்தான். பந்தைப் பார்த்தபடி எழும்புகிறான். மற்ற அணியின் முன்வரிசைப் பொடியன் பக்கவாட்டில் ஓடிவந்து, இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு எழும்புகிறான். அவனுடைய வலது முழங்கை தம்பியின் நெற்றிப்பொட்டில் ஏறுகிறது. தம்பி விழும்போது கையை ஊன்றவே இல்லை, அப்படியே சரிகிறான். எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிற இடம் அதுதான். நடுவர் விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்தார். மஞ்சள் அட்டை கூட இல்லை. தண்ணிப் போத்தலோடு இரண்டு பேர் ஓடிவந்து தலையில் ஊற்றி, அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி, “எழும்படா, இன்னும் கொஞ்ச நேரம் தான்” என்று முதுகில் தட்டினார்கள். எழும்பினான். சனம் கைதட்டியது. ஆட்டம் தொடங்கியதும் தம்பி மற்ற அணியின் பக்கம் நடந்துபோகிறான். கோல்கீப்பர் ஓடிவந்து தோளைப் பிடித்துத் திருப்பி விடுகிறான். மைதானத்துச் சனம் அதற்குச் சிரிக்கிறது. ஆட்டம் முடிவதற்குள் இன்னுமொரு பந்தைத் தலையால் முட்டினான்.

அவனை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று அணிப் பொறுப்பாளரிடம் பிறகு கேட்டேன். மாற்று வீரர்கள் எல்லாரையும் முதலே இறக்கிவிட்டார்கள், தம்பி வெளியே வந்தால் எட்டுப் பேர். அடித்த அணி ஒன்பது பேரோடு ஆடும், அடிவாங்கிய அணி எட்டுப் பேரோடு ஆடும். “நீங்கள் எண்டால் என்ன தங்கச்சி செய்வியள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடித்தவனைத் தண்டிக்காத விதி, அடிபட்டவனின் அணியைத் தண்டித்துவிடுகிறது. அதற்குப் பயந்து மூளை கலங்கியவனைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார்கள். இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2014 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஜேர்மனியின் கிறிஸ்தோப் கிராமர் ஆர்ஜென்டினா வீரர் ஒருவரோடு மோதி விழுந்து, எழும்பி, தொடர்ந்து விளையாடினார். கொஞ்ச நேரத்தில் நடுவரிடம் போய் “இது இறுதிப் போட்டியா?” என்று கேட்டார். நடுவர் ஜேர்மன் அணிக்குச் சொல்லித்தான் 31-ஆம் நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். உலகத்தின் பெரிய வைத்தியர் கூட்டம் மைதான ஓரத்தில் இருக்கும்போதே அப்படி என்றால், எங்கள் பக்கத்தில் தண்ணிப் போத்தல் தான் வைத்தியம்.

ஓரத்தில் நிற்கிற யாரும் கவனிக்கக்கூடிய சிலதைச் சொல்லிவிடுகிறேன். விழும்போது கை ஊன்றாமல் விழுந்தால், எழும்பின பிறகு தள்ளாடினால், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றால், கேட்ட கேள்விக்கு வெறித்துப் பார்த்தால், அந்த ஆட்டம் அவனுக்கு முடிந்தது. மயங்கி விழவில்லையே என்று சமாதானப்படக் கூடாது. மூளை அதிர்வு (அடியில் மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது, ஆங்கிலத்தில் கன்கஷன்) வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. “ஓகேயா?” என்று கேட்டால் எல்லாரும் ஓகே என்று தான் சொல்லுவார்கள். இது எந்த மைதானம், இப்ப நடக்கிறது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் வென்றோமா என்று கேளுங்கள். பெரிய போட்டிகளிலும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறார்கள். பிழையாகச் சொன்னால் வெளியே எடுங்கள். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான், ஆனாலும் ஆள் ஒரு மாதிரி இருக்கிறான் என்றால் அப்போதும் வெளியே எடுங்கள்.

அன்றிரவு தம்பியை யாரோ மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக் கொண்டுவந்து படலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் வேலையால் வரும்போது சாப்பிடாமல் படுத்திருந்தான். தலையிடி என்றான். அம்மா பனடோல் கொடுத்திருந்தார். அது பரவாயில்லை என்று பிறகு வைத்தியர் சொன்னார், அஸ்பிரின், ஐபுபுரூபன் வகை மாத்திரைகளைத் தான் அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாதாம், உள்ளே இரத்தக் கசிவு இருந்தால் கூடிவிடும். நடுச்சாமத்தில் சத்தி எடுத்தான். “மட்ச் எப்ப தொடங்கும்?” என்று கேட்டான். பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்டான். இரண்டாம் தரம் சத்தி எடுத்ததும் 1990-க்கு அடித்தேன். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எங்கள் ஒழுங்கையை அவர்களுக்கு விளக்குவது தான் பாடு, ஆகவே பக்கத்தில் உள்ள பாடசாலையையோ கோயிலையோ அடையாளமாகச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் ரோச் லைட்டோடு நிற்க விடுங்கள். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகிற தலையிடி, வலிப்பு, கை கால் விறைப்பு, ஒன்று இரண்டாகத் தெரிதல், கழுத்து நோவு, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், வழக்கமில்லாத மூர்க்கம், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே ஆஸ்பத்திரிப் பொலிஸில் எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதினார்கள். சில பேர் பயத்தில் “விழுந்திட்டான்” என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், எந்த நேரம், எந்தப் பக்கம் அடி, பிறகும் விளையாடினானா என்பது வைத்தியருக்கும் தேவை. சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அம்மா அந்த வார்டு வாசலிலேயே நேர்த்தி வைத்தார். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு டயக்னோசிஸ் கார்ட்டைத் தந்து அனுப்பினார்கள். அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. என்ன எழுதியிருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்று அந்த நெரிசலில் ஒருவரும் விளக்கவில்லை. எங்களுக்கும் அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை, ஸ்கேன் தான் நல்லா வந்துவிட்டதே.

ஸ்கேன் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு வெடிப்பையும். மூளை அதிர்வில் கெட்டுப்போவது மூளையின் வேலைசெய்கிற விதம், அது படத்தில் விழாது. இது எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் அடுத்து வந்த ஒரு மாதம் இவ்வளவு சண்டையாகப் போயிருக்காது. தம்பிக்கு வெளிச்சம் ஆகவில்லை. கோயில் ஸ்பீக்கர் போட்டால் தலையணைக்குள் தலையைப் புதைத்தான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் எழுத்து மிதக்குது என்றான். வாயைத் திறந்து பேசாத பொடியன், சோறு ஆறிப்போச்சு என்று கோப்பையைத் தூக்கி எறிந்தான். அம்மா பேய்க்குணம் என்று நாவூறு கழித்து, நூல் கட்டி, வற்றாப்பளை அம்மனுக்கும் வைத்தார். அதில் கெடுதல் இல்லை, அம்மாவுக்கு அது ஆறுதல். கெடுதல் செய்தது சனத்தின் வாய். “ஸ்கேன் கிளியராம், சோதினைக்குப் பயத்தில நடிக்கிறான்” என்று பக்கத்து வீட்டில் கதைத்தது அவன் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவன் அழுததை நான் பார்த்தேன். அவன் அழுது பல வருசம்.

காசுக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடித்தவனின் கழகமோ போட்டி நடத்தினவர்களோ ஒரு சதமும் தரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் தான். ஆனால் வார்டில் நிற்கிறவருக்குச் சாப்பாடு, திரும்பி வர வான், கிளினிக்குக்குப் போய்வர பஸ்ஸும் ஓட்டோவும், தலையிடி குறையவில்லை என்று பயந்து தனியார் இடத்தில் விசேட வைத்தியரைச் சனல் பண்ணினது, எல்லாம் சேர்ந்து 35,000 ரூபா அளவில் போனது. வேலைக்குப் போகாத நாட்களுக்கு எனக்கு நோ-பே, சம்பளமில்லாத லீவு, விழுந்தது. லைனில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், நோ-பே நாளின் சம்பளம் சின்னக் காசு, அதோடு சேர்ந்து வெட்டுப்படுகிற வருகைக் கொடுப்பனவு தான் அடி. எப்படிப் பார்த்தாலும் 60,000-க்குக் கிட்ட. தம்பி கட்டின ரியூசன் காசு, போகாத வகுப்புகள், அவை கணக்கில் இல்லை. பாடசாலைப் பிள்ளை என்றால் சுரக்ஷா மாணவர் காப்புறுதியில் ஏதும் எடுக்கலாமா என்று அதிபரிடம் கெதியாகக் கேளுங்கள். டயக்னோசிஸ் கார்ட், பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பிள்ளையைப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பும்போது எழுத்து வேலை குறைக்க வேண்டும், இடையில் ஓய்வு தேவை என்று வைத்தியரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் எந்த ஆசிரியரும் நம்பமாட்டார்.

சனல் பண்ணிப் பார்த்த அந்த வைத்தியர் தான் முதன்முதலாக உட்கார வைத்துக் கதைத்தார். இருட்டறைக்குள் கிழமைக்கணக்கில் படுக்கத் தேவையில்லை, முதல் ஓரிரு நாள் மூளைக்கும் உடம்புக்கும் வேலை குறைத்தால் போதும், ஃபோனைத் தூர வைக்க வேண்டும், அதற்குப் பிறகு மெல்ல நடக்கலாம் என்றார். முதலில் படிப்புக்குத் திரும்ப வேண்டும், விளையாட்டு அதற்குப் பிறகு. விளையாட்டிலும் படிப்படியாக: நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்தோடு பயிற்சி, மற்றவர்களோடு மோதல் இல்லாத பயிற்சி, வைத்தியர் ஓம் சொன்ன பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் தான் போட்டி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள், தலையிடி கூடினால் ஒரு படி கீழே. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தெளிந்துவிடும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை எடுக்கலாம் என்றார். “நடிக்கேல்லைத்தானே?” என்று தம்பி அவரிடமே கேட்டான். “இல்லையப்பன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவ்வளவு காசு கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி ஓரளவு தேறியதும் போட்டி நடத்தின கழகத்துக்குப் போனேன். தலைவர், செயலாளர், இன்னும் சிலர், பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்திச் சோடா தந்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. “விளையாட்டு எண்டால் அடிபடுந்தானே தங்கச்சி” என்றார் தலைவர். செயலாளர் வெளிப்படையானவர், “சிவப்பு மட்டையைக் காட்டினால் அடுத்தமுறை அந்த ரீம் எங்கடை போட்டிக்கு வராது” என்றார். வீடியோவைக் காட்டினேன். நடுவரின் முடிவே இறுதி, வீடியோ பார்ப்பதில்லை என்றார்கள். பிறகு நடுவரையும் கண்டேன். நல்ல மனுசன், வேலை முடிந்து கிடைக்கிற சின்னக் காசுக்கு விசில் ஊதுகிறவர். “அவன் வேணுமெண்டு அடிக்கேல்லப் பிள்ளை, அவனும் பந்துக்குத்தான் எழும்பினவன்” என்றார்.

இந்த “வேணுமெண்டு அடிக்கேல்ல” தான் எங்கள் மைதானங்களில் எல்லா அடியையும் மூடுகிற பாய். உதைபந்தாட்ட விதி 12-ஐ எடுத்து வாசித்தேன். விதி மூன்று படி வைத்திருக்கிறது. கவனக்குறைவாக ஆடினால் ஃப்ரீ கிக் மட்டும். மற்றவனுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் ஆடினால் மஞ்சள். அளவுக்கு மீறின பலத்தோடு ஆடினாலோ மற்றவனின் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்கினாலோ சிவப்பு. இந்த மூன்றிலும் உள்நோக்கம் என்ன என்ற கேள்வி கிடையாது. பந்துக்குப் போட்டியில்லாத இடத்தில் வேண்டுமென்றே தலையிலோ முகத்திலோ கையால் அடித்தால் அது வேறு குற்றம், வன்செயல், அதற்கும் சிவப்பு. நடுவருக்கு அந்தப் பொடியனின் மனதுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. உயரம் எழும்பக் கை விரிவது இயல்பு தான். ஆனால் தோளுக்கு மேலே முழங்கையைக் கூராக நீட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவன் எழும்புகிறான் என்று தெரிந்தும் வேகத்தோடு போவது குறைந்தது மஞ்சள். என் கண்ணுக்கு அது சிவப்பு. அக்காவின் கண் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன், மஞ்சளாவது காட்டியிருக்கலாமே என்று தான் கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முன்வரிசைப் பொடியனே வீட்டுக்கு வந்தான். நெஸ்ரமோல்ட் பைக்கற்றும் அப்பிளும் கொண்டுவந்தான். தம்பியைவிட ஒரு வயது தான் கூட இருக்கும், முல்லைத்தீவுக் கரையில் தொழிலுக்குப் போகிறவன், உள்ளங்கை முழுக்க வலைக்கயிறு அறுத்த தழும்பு. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். “அக்கா, கையை விரிச்சு எழும்பு, அப்பத்தான் பின்னுக்கு நிக்கிறவன் கிட்ட வரான் எண்டு எங்கடை அண்ணை தான் பழக்கினவர்” என்றான். எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதி வேறு ஆளுக்கு மாறியது.

இனித் தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்ற கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பலர் சொல்லுகிற தீர்வு, அடிபட்டவன் எத்தனை நாள் வெளியே நிற்கிறானோ அடித்தவனும் அத்தனை நாள் வெளியே நிற்கட்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கும், எனக்கும் முதலில் இனித்தது. யோசித்தால் சரிவராது. அதே முழங்கை இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் தம்பி எழும்பி ஆடியிருப்பான், அடித்தவனுக்குத் தண்டனையே இல்லாமல் போயிருக்கும். ஆபத்தான ஆட்டம் அப்போதும் ஆபத்தான ஆட்டம் தான். மற்றப் பக்கம், எதிரணியின் நல்ல வீரனை வெளியே வைக்க, தேறினவனைத் தேறவில்லை என்று சொல்லவும் ஆட்கள் வருவார்கள். நடிக்கிறான் என்ற பேச்சை ஏற்கனவே கேட்ட வீடு எங்களுடையது, அதற்கு இன்னொரு காரணம் தர நான் தயாரில்லை. விளைவை அளந்து தண்டித்தால் அதிர்ஷ்டத்தைத் தான் தண்டிக்கிறோம். செயலைப் பார்க்க வேண்டும்.

ரக்பிக்காரர்கள் இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார்கள். உலக ரக்பி அமைப்பு 2021-இல் நடுவர்களுக்கு ஒரு வரிசை கொடுத்தது. தலையில் பட்டதா? பட்டது பிழையான ஆட்டத்தாலா? ஆபத்து எவ்வளவு? ஆபத்தைக் குறைத்துப் பார்க்க ஏதாவது காரணம் உண்டா, உதாரணமாக அடிபட்டவன் கடைசி நொடியில் குனிந்தானா? வேண்டுமென்று தான் செய்தான் என்று நிரூபிக்க வேண்டிய தேவை அந்த வரிசையில் இல்லை. தலையில் பட்ட ஆபத்தான பிடிக்குத் தடை விதிக்கும்போது 6 ஆட்டத்திலிருந்து கணக்குத் தொடங்கும், பிறகு நடத்தை பார்த்துக் குறைப்பார்கள். எனக்குப் பிடித்த பகுதி, தடைபட்டவன் சரியான முறையில் பிடிப்பதற்குப் பயிற்சி எடுத்து முடித்தால் கடைசி ஆட்டத் தடையை அதற்கு ஈடாகக் கழிக்கலாம். எங்கள் வீட்டுக்கு நெஸ்ரமோல்ட்டோடு வந்த பொடியனுக்குத் தேவையானது அதுதான். அவனைப் பழக்கின அண்ணைக்கு இன்னும் கூடத் தேவை.

எல்லா அடியும் பிழையான ஆட்டத்தால் வருவதுமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் கபடி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பாடிவருகிறவனை மடக்க இரண்டு பக்கத்தாலும் பாய்கிற ஒரே அணிக்காரர் இருவர் மண்டையும் மண்டையும் மோதுவது சாதாரணம். அதில் யாருக்கு அட்டை காட்டுவது? கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சளுக்கு இரண்டு நிமிடம் வெளியே, சிவப்புக்கு ஆட்டம் முழுக்க வெளியே. காலால் கத்தரிப்பிடி போடக் கூடாது, காயம் வரும்படி முரட்டுத்தனமாக மடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஊர்ப் போட்டிகளில் பச்சை அட்டையைக்கூட நான் கண்டது அபூர்வம். நடுவர் காணாத அடியும் உண்டு. 2018-இல் ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்ட இறுதியில் ரியல் மட்ரிட் வீரர் ராமோஸின் முழங்கை லிவர்பூல் கோல்கீப்பர் காரியஸின் தலையில் பட்டது, அட்டை இல்லை. பிறகு அவர் விட்ட இரண்டு பிழையான கோல்களுக்கு உலகமே சிரித்தது. சில நாளில் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்று சோதித்து அவருக்கு மூளை அதிர்வு இருந்தது என்று சொன்னது. ஆகவே அடித்தவனைத் தண்டிப்பது ஒரு வேலை, அடிபட்டவனை வெளியே எடுப்பது வேறு வேலை. ஒன்று நடக்கவில்லை என்பதற்காக மற்றது நிற்கக் கூடாது.

இரண்டாவது வேலையைச் செய்யாதவர்களுக்குத் தான் தண்டனை கூட வேண்டும் என்பது என் முடிவு. முதல் அடியிலிருந்து மூளை தேறுமுன் இன்னொரு அடி விழுந்தால், இளம் பிள்ளைகளுக்கு மூளை சடுதியாக வீங்கி உயிர் போகலாம். 2011-இல் வட அயர்லாந்தில் பென் றொபின்சன் என்ற 14 வயதுப் பிள்ளை பாடசாலை ரக்பி ஆட்டத்தில் அடிபட்டும் தொடர்ந்து விளையாடி இறந்தான். கனடாவில் 17 வயது றோவன் ஸ்ட்ரிங்கர் 2013-இல் அப்படித்தான் போனாள், ஒன்ராறியோவில் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 2009-இலேயே சட்டம், மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்த பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ளவர் எழுதித் தராமல் திரும்ப இறக்க ஏலாது. இதை வாசித்த இரவு, தம்பி இரண்டாம் தரம் பந்தைத் தலையால் முட்டின அந்த இடத்தை வீடியோவில் திரும்பப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன்.

கழகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலைக்கோ கழுத்துக்கோ முழங்கை, முழங்கால், உயர்ந்த கால் பட்டால் நடுவர் நோக்கத்தைக் கேட்காமல் ஆபத்தைப் பார்த்து அட்டை காட்ட வேண்டும். சிவப்பு வாங்கினவர் அந்தச் சுற்றுப்போட்டியில் திரும்ப ஆடக் கூடாது. நடுவர் காணாததை வீடியோவில் பார்த்து அடுத்த ஆட்டத்துக்கு முன் முடிவெடுக்கக் குழுவில் மூன்று பேர். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக, மாற்று வீரர் எண்ணிக்கையில் சேராத ஒருவரை இறக்கலாம், அதே வாய்ப்பு எதிரணிக்கும் உண்டு. இது என் கண்டுபிடிப்பில்லை, 2024 ஜூலையிலிருந்து உதைபந்தாட்ட விதிப் புத்தகத்திலேயே போட்டி நடத்துகிறவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வெளியே எடுக்கும்படி சொல்லப்பட்ட வீரரைத் திரும்ப இறக்கினால் அந்த அணி அந்த ஆட்டத்தில் தோற்றதாகக் கணக்கு.

மேலதிக மாற்று வீரரை உடனே ஏற்றுக்கொண்டார்கள், அதில் காசுச் செலவில்லை. சிவப்புக்கு அடுத்த ஆட்டம் மட்டும் தடை என்று குறைத்தார்கள். வீடியோவை அடியோடு மறுத்தார்கள், ஒருநாள் தொடங்கினால் ஒவ்வொரு ஓஃப்சைட்டுக்கும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம். தோற்றதாகக் கணக்கு என்ற கடைசி விதிக்குத்தான் கூட்டத்தில் சத்தம். பரிசுக் காசோடு விளையாடக் கூடாது என்று ஒருவர், யார் வெளியே எடுக்கச் சொல்லுவது, எங்களிடம் டொக்டரா நிக்கிறார் என்று இன்னொருவர். முதலுதவி படித்த ஒருவரை மைதானத்துக்குப் பிடித்தால் போதும், அவர் சொல்லுக்கு மேல் பொறுப்பாளரின் சொல் போகக் கூடாது என்றேன். பார்ப்பம் என்றார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

இந்த விசயத்தில் எனக்கு எதிராக நிற்கிற முதல் ஆள் என் தம்பி. இப்போது திரும்ப விளையாடுகிறான், அம்மாவுக்கு அரைமனது. “அணிப் பொறுப்பாளரை ஏன் அக்கா தண்டிக்கோணும்? அவர் என்னைக் கேட்டவர். ஏலுமெண்டு நான்தான் சொன்னனான்” என்கிறான். அந்த நேரம் கோல் கணக்கு என்ன என்று கேட்டேன். இன்றுவரை அவனுக்கு அது ஞாபகம் இல்லை.